டிசம்பர் கடைசி வாரத்தில் சிங்கப்பூரில் எந்தப் பள்ளியைப் பார்ப்பது?

கேள்வி: ஐயா, நான் தென்காசி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகக் கணித ஆசிரியை. வயது 39. 2024-ல் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிரான்ஸ் போய்வந்த படங்களைப் பார்த்த நாளிலிருந்து, வெளிநாட்டு வகுப்பறை ஒன்றில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. இப்போது ஒரு பயண நிறுவனம் ‘சர்வதேசக் கல்விப் பயணம்’ என்று துண்டறிக்கை அனுப்பியிருக்கிறது. அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 25 முதல் 30 வரை, சிங்கப்பூரும் மலேசியாவும். ஆளுக்கு 1,38,000 ரூபாய். பள்ளிப் பார்வை, பேராசிரியர் ஒருவரின் உரை, கடைசி நாளில் ‘உலகக் கல்வியாளர்’ விருதும் சான்றிதழும் உண்டு. பதினைந்து பேர் சேர்ந்தால் ஒருவருக்கு இலவசம். எங்கள் தலைமையாசிரியை எல்லோரையும் சேரச் சொல்கிறார். பதவி உயர்வுக்கு உதவும் என்கிறார். அந்தப் பணத்தை மகளின் படிப்புக்குப் போட்டுவைக்கலாமே என்கிறார் என் கணவர். இம்மாத இறுதிக்குள் 25,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். போகலாமா? சான்றிதழால் பயன் உண்டா? இல்லையென்றால் என் போன்றவர்களுக்கு வேறு வழி இருக்கிறதா? என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாக்கியக் கணக்கு என்றாலே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அங்கெல்லாம் இதை எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று ஒரு நினைப்பு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பணத்தைக் கட்டாதீர்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை, தேதிக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். நவம்பர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் 31 வரை அங்கே ஆண்டு இறுதி விடுமுறை. மலேசியாவிலும் டிசம்பர் கடைசி வாரத்தில் பள்ளி கிடையாது. நீங்கள் போகும் ஆறு நாளில் அந்த இரண்டு நாடுகளிலும் ஒரு பிள்ளை சீருடை போட்டுப் பள்ளிக்கு வராது. அப்புறம் துண்டறிக்கையில் உள்ள ‘பள்ளிப் பார்வை’ என்ன? காலி வகுப்பறைகள், நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்த மேசைகள், அலுவலர் ஒருவர் திரையில் காட்டும் படங்கள். இல்லாவிட்டால் விடுமுறையிலும் நடக்கிற ஒரு தனியார் டியூஷன் நிலையம். வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உட்காரலாம், பார்ப்பதற்கு அங்கே எதுவும் நடக்காது.

நிறுவனம் இது தெரியாமல் செய்திருக்கிறதா, தெரிந்தே செய்திருக்கிறதா என்ற ஆராய்ச்சி உங்களுக்கு வேண்டாம். ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்தப் பள்ளி, எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த வகுப்பின் எந்தப் பாடம், அந்தப் பள்ளி அனுமதி கொடுத்த கடிதத்தின் நகல் கிடைக்குமா? சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளின் வாயிலில் காவலர் இருப்பார். முன்அனுமதி இல்லாத வெளியாள் உள்ளே போக முடியாது. அனுமதி வாங்கியவரிடம் பள்ளியின் பெயர் இருந்தாக வேண்டும். ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு கேள்வியை எந்தக் கல்விப் பயணத்துக்கும் கேட்கலாம். பயணத்தின் மொத்த நேரத்தில், பாடம் நடக்கும் வகுப்பறைக்குள் நீங்கள் இருக்கப்போவது எத்தனை மணி நேரம்? நான் பார்த்த துண்டறிக்கைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் அரை நாளைத் தாண்டுவதில்லை. மீதி நேரமெல்லாம் பூங்கா, கடைவீதி, கோபுரம், உணவகம். ஊர் சுற்றிப் பார்ப்பது குற்றமல்ல. ஆசிரியர்கள் இன்னும் நிறைய ஊர் சுற்ற வேண்டும் என்பதுதான் என் கட்சி. குடும்பத்தோடு போய்ச் சிங்கப்பூரைப் பார்த்துவிட்டு வாருங்கள், மகளுக்கும் பிடிக்கும். அதைப் பயிற்சி என்று பெயரிட்டு விலையை ஏற்றி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சான்றிதழுக்கு வருகிறேன். உதவிபெறும் பள்ளியில் பதவி உயர்வு பணிமூப்பையும் விதிகள் சொல்லும் கல்வித் தகுதியையும் பார்த்து வருகிறது. பயண நிறுவனம் அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு அந்தக் கோப்பில் இடமில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளிலிருந்து ஆசிரியர் அறைகளில் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றித்தான் பேச்சு. பணியில் முன்னேற்றம் என்று கவலைப்படுவதானால் அங்கேதான் கவலைப்பட வேண்டும். ‘உலகக் கல்வியாளர்’ விருது எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். விடுதியின் சிறிய கூடத்தில் பின்னால் ஒரு பதாகை கட்டியிருப்பார்கள். வந்த எல்லோருக்கும் பொன்னிறக் கேடயம், தோளில் ஒரு சால்வை, ஆளுக்கு ஒரு புகைப்படம். பணம் கட்டிய அனைவரும் வெற்றியாளர்கள். தலைமையாசிரியை உங்களை வற்புறுத்துவதற்குப் பதினைந்துக்கு ஒன்று இலவசம் என்ற வரிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு இடம் யாருக்குப் போகிறது என்று கேட்பதில் தவறில்லை.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள். பயணத்தைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, வாக்கியக் கணக்கைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதமாகப் படுகிறது. அந்தக் கேள்வியோடு உலகத்தில் ஒரே ஒரு நாட்டுக்குப் போகலாம் என்றால் நானும் சிங்கப்பூரைத்தான் சொல்வேன். நாடு சரி, வாரம் தவறு.

சிங்கப்பூரிலும் இதே நோய் இருந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டல், கழித்தல் போடுவார்கள், வாக்கியமாகக் கொடுத்தால் திணறுவார்கள். 1980-களில் அங்கே பாடத்திட்டம் எழுதியவர்கள், கணக்கைப் பட்டைகளாக வரைந்து யோசிக்கும் முறையைப் பாடநூலுக்குள் கொண்டுவந்தார்கள். முதலில் கையால் தொடக்கூடிய கட்டைகள், அடுத்து அவற்றின் படம், அதன் பிறகே எண்ணும் குறியும். 1995-ல் பல நாட்டு மாணவர்களைச் சோதித்த டிம்ஸ் தேர்வில் கணிதத்தில் சிங்கப்பூர் முதலிடத்துக்கு வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது.

உங்கள் வகுப்பில் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ராணியிடம் கலாவைவிட 12 ரூபாய் அதிகம். இருவரிடமும் சேர்த்து 48 ரூபாய். யாரிடம் எவ்வளவு? பாதிப் பேர் 48-லிருந்து 12-ஐக் கழித்து, கலாவிடம் 36 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள். சிலர் ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் 48-ஐயும் 12-ஐயும் கூட்டி 60 என்பார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ‘அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி’ என்று நாம் பழக்கியதன் பலன் அது. இப்போது அதையே வரையச் சொல்லுங்கள். கலாவுக்கு ஒரு பட்டை. அதன் நேர் கீழே ராணிக்கு அதே நீளத்தில் ஒரு பட்டை, அதன் முனையில் ஒட்டினாற்போல் ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டுக்குள் 12. வலப்பக்கம் இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்பு, அதன் அருகே 48. சிறு துண்டை விரலால் மறைத்தால் இரண்டும் சம நீளப் பட்டைகள், மொத்தம் 36. ஆகக் கலாவுக்கு 18, ராணிக்கு 30. அந்த விரலால் மறைக்கும் வேலையைத்தான் எட்டாம் வகுப்பில் ‘x’ என்று எழுதி நாம் செய்கிறோம்.

இதைக் கற்றுக்கொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை, நாளைக் காலை முதல் பாடவேளையில் தொடங்கிவிடலாம். பிறகு எதற்கு நேரில் பார்ப்பது என்று கேட்பீர்கள். பட்டையைத் தாளில் பார்த்துவிடலாம்; பிள்ளை தவறான பட்டை வரையும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைத் தாளில் பார்க்க முடியாது. அவர் எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நிற்கிறார், யாரைப் பலகைக்கு அழைக்கிறார், சரியாகப் போட்ட பிள்ளையை ஏன் கடைசியாக அழைக்கிறார், இவையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

இதில் ஜப்பானியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் தனி ரகம். ஒரு பாடவேளை முழுக்க ஒரே ஒரு கணக்கு. ஆசிரியர் அதைப் பலகையின் இடது ஓரத்தில் எழுதிவிட்டுக் கையில் பெயர்ப்பட்டியலோடு மேசைகளுக்கு இடையே நடக்கிறார். யார் எந்த வழியில் போடுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறார், எதையும் திருத்துவதில்லை. பிறகு ஒவ்வொருவராக அழைக்கிறார்: முதலில் விரல்விட்டு எண்ணியவர், அடுத்து படம் வரைந்தவர், கடைசியில் எண்ணாலேயே முடித்தவர். எல்லா வழிகளும் இடமிருந்து வலமாகப் பலகையில் ஏறுகின்றன, எதுவும் அழிக்கப்படுவதில்லை. மணி அடிக்கும்போது அன்றைய பாடம் முழுவதும், தவறான வழிகள் உட்பட, பலகையில் நிற்கும். பாதிப் பலகையில் கணக்கைப் போட்டு, டஸ்டரால் துடைத்து, அடுத்த கணக்கைப் போட்டுப் பழகிய நமக்கு அந்தப் பலகை ஒன்றே ஒரு பயிற்சி.

‘பாட ஆய்வு’ நாளில் அதே வகுப்பறைச் சுவரோரம் மற்ற ஆசிரியர்கள் நிற்பார்கள். அவர்கள் பாடம் நடத்துபவரை மதிப்பிட வரவில்லை. பிள்ளைகளின் நோட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். பாடம் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, மூன்றாம் வரிசைப் பிள்ளை எந்த இடத்தில் கையை நிறுத்தினாள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள்.

இந்த ஜப்பானியர்களே ஒரு காலத்தில் பார்த்துக் கற்றவர்கள்தான். 1875-ல் அந்நாட்டு அரசு மூன்று பேரை ஆசிரியர் பயிற்சி பெற அமெரிக்காவுக்கு அனுப்பியது. இசாவா ஷூஜி, தகாமினே ஹிதியோ என்ற இருவர் 1878-ல் திரும்பிவந்து டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பொறுப்பேற்றார்கள். அவர்களிடம் படித்தவர்கள் நாடெங்கும் வகுப்பெடுத்தார்கள். அதுவும் கல்விப் பயணம்தான். மூன்று ஆண்டு இருந்தார்கள், திரும்பியவர்களுக்கு முதல் நாளிலிருந்து வேலை காத்திருந்தது.

நம் ஊர்க் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களைக் குழுக் குழுவாக ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷி வேலி பள்ளிக்கு அனுப்பினார். வெளிநாடு இல்லை, விருது இல்லை. அங்கே பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் அட்டைகளை வைத்துத் தாமாகப் படிப்பதை உட்கார்ந்து பார்த்தார்கள். திரும்பி வந்து நம் பாடத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள், 13 பள்ளிகளில் முயன்று பார்த்தார்கள். செயல்வழிக் கற்றல் என்று 2007-ல் மாநிலம் முழுக்கப் பரவியது அதுதான். மேசையை வெளியே எடுத்துப் பாய் விரித்ததும், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோடு கரும்பலகை வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆணையாகப் போன இடங்களில் அது வெறும் அட்டை அடுக்கும் வேலையாகத் தேய்ந்தது என்பது என் கருத்து. அட்டையைத் தாமே எழுதிய ஆசிரியர்களின் பள்ளிகளில் அது உயிரோடு இருந்தது.

இரண்டு கதையிலும் பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள். போனவர்கள் தனியாகத் திரும்பவில்லை. ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து பார்த்தார்கள், வந்ததும் சேர்ந்து செய்தார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லிண்டா டார்லிங்-ஹாம்மண்டும் அவருடைய சகாக்களும் 35 ஆய்வுகளை அலசி 2017-ல் வெளியிட்ட அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: சொந்தப் பாடத்தை ஒட்டிய, சக ஆசிரியர்களோடு சேர்ந்து செய்து பார்க்கும், தொடர்ந்து நடக்கும் பயிற்சிதான் வகுப்பறையை மாற்றுகிறது. ஆறு நாள் பயணம் ஒன்றால் தானாக இது நடந்துவிடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பின்லாந்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல நாட்டு பதினைந்து வயது மாணவர்கள் எழுதும் பிசா தேர்வின் முதல் முடிவுகள் 2001-ல் வந்தபோது அது முன்வரிசையில் நின்றது. உலகத்தின் கல்வி அமைச்சர்களும் ஆசிரியர் குழுக்களும் அங்கே படையெடுத்தார்கள்; இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு பள்ளி காட்டும் நிறுவனங்கள் அங்கே நடக்கின்றன. அதே பின்லாந்தின் கணித மதிப்பெண் 2006-ல் 548, 2022-ல் 484. பயணக் குழுக்கள் பார்த்து வியந்த இடைவேளைகளும் தேர்வில்லாத ஆண்டுகளும் அப்போதும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. எனவே உயர்வுக்கு எது காரணம் என்று ஒரு வாரத்தில் கண்டுகொண்டதாக யாராவது சொன்னால் நான் தலையாட்டமாட்டேன். தமிழ்நாடும் ஒருமுறை அந்தத் தேர்வை எழுதியது, தெரியுமா? இமாசலப் பிரதேசத்தோடு சேர்ந்து எழுதினோம். 2011 இறுதியில் முடிவு வந்தபோது பட்டியலின் அடியில் இருந்தோம். அதற்குப் பிறகும் நம்முடைய ஏழாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அடுத்தவர் பள்ளியைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டோம். மைக்கேல் சாட்லர் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் 1900-லேயே சொன்னார்: குழந்தை தோட்டத்தில் நடந்து இந்தச் செடியில் ஒரு பூவும் அந்தச் செடியில் ஓர் இலையும் பறித்து வீட்டில் மண்ணில் குத்தினால் செடி வளராது, பிற நாட்டுக் கல்வி முறைகளும் அப்படித்தான் என்று. பிற்பாடு கல்கத்தா பல்கலைக்கழகத்தைச் சீரமைக்க அமைத்த ஆணையத்துக்குத் தலைவராக இங்கே வந்தவர் அவர்.

வழிகளைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கைப்பணம் போகாத வழிகள் முதலில். அமெரிக்காவின் புல்பிரைட் கல்விப் பரிமாற்றத் திட்டங்களில் உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கென்று ஆறு வாரத் திட்டம் ஒன்று உண்டு. கணித ஆசிரியர்களும் அதற்குத் தகுதி உள்ளவர்கள். பல்கலைக்கழகப் பயிற்சியோடு, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் அங்குள்ள ஆசிரியரோடு குறைந்தது 40 மணி நேரம் வகுப்பறையில் இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நான் மேலே சொன்ன கணக்குப்படி இது உங்கள் துண்டறிக்கையைப் போல் பல மடங்கு. போக்குவரத்தும் தங்குமிடமும் அவர்கள் செலவு. ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், கட்டுரைகள் எழுத வேண்டும், போட்டி கடுமை. இந்தத் திட்டங்களை நடத்தும் இந்திய - அமெரிக்கக் கல்வி அறக்கட்டளைக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு திட்டங்கள் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

ஜப்பான் அரசு பணியில் உள்ள ஆசிரியர்களுக்குத் தரும் உதவித்தொகை இன்னும் நீண்டது: ஒன்றரை ஆண்டு, முதலில் ஜப்பானிய மொழிப் பயிற்சி, பிறகு பல்கலைக்கழகம். ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும், வயது 35-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த ரயில் போய்விட்டது. உங்கள் பள்ளியில் முப்பது வயது அறிவியல் ஆசிரியர் யாராவது இருந்தால் அவர் காதில் போட்டுவையுங்கள்.

இவற்றையெல்லாம்விட உங்களுக்குப் பொருந்துவதாக நான் நினைப்பது மலேசியா. அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இயங்குகின்றன. பயிற்றுமொழி தமிழ். உங்களைப் போலவே பின்னத்தையும் விழுக்காட்டையும் தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மலேசியா, இலங்கை தவிர வேறு நாட்டில் கிடைப்பது அரிது. அங்கே ஆறாம் ஆண்டு வரை. உங்கள் ஆறாம், ஏழாம் வகுப்புக்கு நேர் முந்தைய படி, வாக்கியக் கணக்கு இடறத் தொடங்கும் இடம் அதுதான். ஒரு பள்ளியின் தலைமையாசிரியருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். எழுதியதும் வா என்று சொல்லமாட்டார்கள். அவர்களும் கல்வித் துறையிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் கடிதத்தில் வருகிறேன் என்று எழுதாதீர்கள். ஒரு கணக்கை இரண்டு வகுப்பும் ஒரே நாளில் போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கிறது. நம் காலை ஒன்பதரை அவர்களுக்கு நண்பகல் பன்னிரண்டு. பள்ளி விடுவதற்குள் ஒரு பாடவேளை கிடைத்துவிடும். ராணி - கலா கணக்கை அங்கே இருபது பிள்ளைகளும் இங்கே இருபது பிள்ளைகளும் போட்ட நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டக் கிராமப் பள்ளி ஒன்றில் இருந்துகொண்டு ரஞ்சித்சிங் டிசாலே வெளிநாட்டு வகுப்பறைகளோடு இணையவழியில் பிள்ளைகளைப் பேசவைத்தார். 2020-ல் உலக ஆசிரியர் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்தப் பத்து லட்சம் டாலரில் பாதியை மற்ற ஒன்பது இறுதிப் போட்டியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார்.

ஓர் ஆண்டு இப்படிக் கடிதப் பழக்கம் ஆனபின் நேரில் போகலாம். நமக்குக் கோடை விடுமுறையான மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளி நடக்கும் காலம். காலாண்டு விடுமுறையில் போகலாமா என்றால், செப்டம்பர் கடைசியில் சிங்கப்பூரில் தேர்வுப் பரபரப்பு, யாரும் உங்களை வரவேற்கும் மனநிலையில் இருக்கமாட்டார்கள். ஜப்பானில் மே முதல் வாரத் தொடர் விடுமுறை முடிந்ததும் பள்ளி உண்டு. தனியாகப் போகாமல், உங்கள் பள்ளியிலிருந்தோ பக்கத்துப் பள்ளியிலிருந்தோ இன்னொரு கணித ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வந்தபின் நீங்கள் பார்த்ததை நம்ப ஒருவராவது வேண்டும். பள்ளியில் ஒரு வகுப்பைத் தேர்ந்து இரண்டு மூன்று நாள் அதே வகுப்பில் இருக்க அனுமதி கேளுங்கள். ஏழு வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பதில் ஒன்றும் கிடைக்காது. பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது என்பார்கள், கேட்கவும் வேண்டாம். இருக்கை வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்து, அந்தப் பிள்ளை எழுதுவதையும் அழிப்பதையும் மட்டும் குறித்துவாருங்கள். பெயர் போட்ட பகுதியை மறைத்துவிட்டுத் திருத்திய விடைத்தாள் இரண்டு காட்ட முடியுமா என்று கேளுங்கள். ஆசிரியர் எதற்கு மதிப்பெண் கொடுக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

கணவரிடம் இதைச் சொல்லலாம்: இந்த டிசம்பர் பணம் வீட்டிலேயே இருக்கிறது, ஒன்றரை ஆண்டு கழித்து இதைவிடக் குறைந்த செலவில் ஒரு பயணம் கேட்பேன் என்று. தலைமையாசிரியையிடம் விடுமுறைத் தேதிச் சிக்கலை மட்டும் சொல்லுங்கள். அவரும் பள்ளி பார்க்கத்தானே போகிறார். இலவச இடத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்க வேண்டாம், மற்ற பதினான்கு பேரும் தேதியைக் கேட்டாலே அது தானாகத் தீர்ந்துவிடும். அவர் ஒத்துக்கொண்டால் அந்த ஆர்வத்தை வேறு பக்கம் திருப்பலாம்: மாதம் ஒருநாள் ஒருவர் பாடம் எடுக்க, மற்ற கணித, அறிவியல் ஆசிரியர்கள் சுவரோரம் நின்று பிள்ளைகளின் நோட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதல் பாடம் நீங்களே எடுங்கள், ஏழாம் வகுப்பில், பட்டை வரைந்து, பலகையை அழிக்காமல்.

நடைமுறை ஒன்றிரண்டு. விடுமுறையில் போனாலும், சொந்தப் பணத்தில் போனாலும், வெளிநாட்டுக்குப் போகத் துறையின் முன்அனுமதி வாங்க வேண்டும். பள்ளிச் செயலர் வழியாக விண்ணப்பியுங்கள். செலவுக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்பார்கள், சேமிப்புக் கணக்கின் நகலைச் சேர்த்துவிடுங்கள். கோப்பு நகர வாரங்கள் ஆகும். டூர் பேக்கேஜாக வாங்கினால் விலைக்கு மேல் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிப்பார்கள். அந்த ரசீதைத் தொலைக்காமல் வைத்திருந்தால் வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் இல்லையென்றால் மட்டும் அதற்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், பள்ளி நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு. புல்பிரைட் விண்ணப்பமோ மலேசியாவிலிருந்து கடிதமோ வரும் நேரத்தில் காவல் நிலைய விசாரணைக்குக் காத்திருக்க வேண்டியிராது.